பல்கலைக்கழகத்தில் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஆக்கக் கல்வி: கருத்தியலும் செய்முறையும் இணைந்த வரலாறு

முன்னுரை

இந்தியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1959ஆம் ஆண்டில் தொடங்கியது. தொலைக்காட்சி நிகழ்ச்சி ஆக்கம் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பிற்குரிய பாடமாக நிலைபெறுவதற்கு அதன்பின் கால் நூற்றாண்டு ஆயிற்று. ஒலிவாங்கியும் ஒளிப்படக் கருவியும் கையாளத் தெரிந்தவர் தொழிலாளர் என்றும், ஊடகம் பற்றி எழுதவும் பேசவும் தெரிந்தவர் அறிஞர் என்றும் பிரித்துப் பார்க்கும் மனநிலை அக்காலத்தே வலுவாக இருந்தது. இப்பிரிவினை எவ்வாறு தோன்றியது, அதனைக் கடக்க இந்தியப் பல்கலைக்கழகங்கள் எவ்வகையில் முயன்றன, அம்முயற்சி எங்கு வெற்றி பெற்றது, எங்குத் தளர்ந்தது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. பாடத்திட்டத்தில் கருத்தியலுக்கு இத்தனை மதிப்பெண், செய்முறைக்கு இத்தனை மதிப்பெண் என்று பகிர்ந்தளிப்பதால் இரண்டும் இணைந்துவிடுவதில்லை. உண்மையான பார்வையாளர், தவறாது ஒளிபரப்ப வேண்டிய கடமை, பார்வையாளரை ஆராய்ந்து அடுத்த நிகழ்ச்சியைத் திருத்தும் முறை ஆகிய மூன்றும் கூடிய இடத்திலேயே அவை இணைந்தன என்பது இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

இருவேறு தொடக்கங்கள்

இந்தியப் பல்கலைக்கழகங்களில் ஊடகக் கல்வி இதழியலாகவே தொடங்கியது. இலாகூரில் இருந்த பஞ்சாப் பல்கலைக்கழகம் 1941ஆம் ஆண்டிலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1947ஆம் ஆண்டிலும் இதழியல் பயிற்சியைத் தொடங்கின. எழுத்தை அடிப்படையாகக் கொண்ட இத்துறைகளுக்குக் கரும்பலகையும் நூலகமும் தட்டச்சுப் பொறியும் போதியனவாக இருந்தன. பின்னாளில் தொலைக்காட்சி ஒரு தாளாகப் பாடத்திட்டத்தில் சேர்ந்தபோதும், அது படித்து எழுதும் பாடமாகவே இருந்தது.

செய்முறைப் பயிற்சி பல்கலைக்கழகத்திற்குப் புறத்தே வளர்ந்தது. 1960ஆம் ஆண்டில் புனே நகரில், பிரபாத் நிறுவனத்தின் பழைய படப்பிடிப்பு வளாகத்தில் இந்தியத் திரைப்பட நிறுவனம் அமைந்தது. தொலைக்காட்சிப் பணியாளர்க்கான பயிற்சி மையம் 1971ஆம் ஆண்டில் தில்லியில் தொடங்கப்பட்டு, 1974ஆம் ஆண்டில் புனேவிற்கு மாற்றப்பட்டது. அதன்பின் அந்நிறுவனம் இந்தியத் திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனம் எனப் பெயர் பெற்றது. அங்குத் தொலைக்காட்சிப் பிரிவின் தலையாய பணி, அரசுத் தொலைக்காட்சியில் ஏற்கெனவே பணியாற்றுவோர்க்குப் பயிற்சி அளிப்பதாகவே நெடுங்காலம் இருந்தது. 1965ஆம் ஆண்டில் தில்லியில் நிறுவப்பெற்ற இந்திய மக்கள் தொடர்பு நிறுவனமும் பல்கலைக்கழக அமைப்பிற்கு வெளியே நின்றதே ஆகும்.

இப்பிளவிற்கு ஒளிபரப்பின் வரலாறும் ஒரு காரணமாகும். 1959 செப்டம்பர் 15ஆம் நாள் தில்லியில் தொடங்கிய தொலைக்காட்சி, அகில இந்திய வானொலியின் ஒரு பகுதியாக, வாரம் இருமுறை மட்டுமே ஒளிபரப்பாயிற்று. 1961இல் தில்லிப் பள்ளிகளுக்கான கல்வி ஒளிபரப்பும், 1965இல் நாள்தோறும் நிகழும் ஒளிபரப்பும், 1967இல் உழவர்க்கான 'கிருஷி தர்ஷன்' நிகழ்ச்சியும் தொடங்கின. தூர்தர்ஷன் தனி அமைப்பானது 1976ஆம் ஆண்டில்தான். அதுவரை தொலைக்காட்சியில் பணிபுரிந்தோர் பலர் வானொலியிலிருந்து வந்தவர்களே. அவர்கள் பணியிடத்திலேயே தொழிலைக் கற்றனர். கற்றதை எழுதி வைக்கும் தேவை அவர்களுக்கு எழவில்லை. எழுதும் தேவையுடைய பல்கலைக்கழகத்திடமோ கருவிகள் இல்லை. இவ்வாறு, செய்தவர் எழுதவில்லை, எழுதியவர் செய்யவில்லை.

சைட் திட்டமும் கேடா மாவட்டமும்

கருத்தியலும் செய்முறையும் முதன்முதலாகப் பெரிய அளவில் சந்தித்த களம், செயற்கைக்கோள்வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனையாகும். 'சைட்' என்று வழங்கும் இச்சோதனை 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 சூலை 31 வரை நடைபெற்றது. அமெரிக்காவின் ஏ.டி.எஸ்-6 செயற்கைக்கோள் வழியாக ஆந்திரப் பிரதேசம், பீகார், கருநாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிசா, இராசத்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2400 சிற்றூர்களுக்கு நிகழ்ச்சிகள் சென்றன. காலையில் பள்ளிச் சிறார்க்கும் மாலையில் ஊர்மக்களுக்குமாக நாள்தோறும் நான்கு மணி நேரம் ஒளிபரப்பு நிகழ்ந்தது.

இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் பொறியியலை மட்டும் சோதிக்கவில்லை. சமூக அறிவியலாளர்கள் அளவாய்வு நடத்தினர். மானிடவியலாளர் சிலர் சிற்றூர்களில் பல மாதங்கள் தங்கி, மக்கள் எதைப் பார்க்கின்றனர், எதைப் பார்க்காது எழுந்து செல்கின்றனர் என்பதைக் குறித்தனர். பீகார், மத்தியப் பிரதேசம், இராசத்தான் ஆகிய மூன்று மாநிலங்களுக்கும் பொதுவான இந்தியில் ஆக்கப்பட்ட நிகழ்ச்சிகள், வட்டார வழக்குப் பேசுவோர்க்கு எளிதிற் புரியவில்லை என்பது இச்சோதனை தந்த பாடங்களுள் ஒன்று. அலைவாங்கி வேலை செய்தது. படம் தெளிவாக வந்தது. மொழி சென்று சேரவில்லை. நிகழ்ச்சி ஆக்குவோர் மொழியியலும் சமூகவியலும் அறிந்திருக்க வேண்டும் என்பதனை எந்தப் பாடநூலையும்விட வலிமையாக இது உணர்த்தியது எனலாம்.

குசராத்தின் கேடா மாவட்டத்தில் அதே காலத்தில் தொடங்கிய திட்டம் இதற்கு அடுத்த படியாகும். பிஜ் என்னும் சிற்றூரில் அமைந்த 1 கிலோவாட் ஆற்றலுடைய ஒளிபரப்பி, சுற்றுவட்டார ஊர்களுக்கு மட்டும் நிகழ்ச்சிகளை அளித்தது. பொதுத் தொலைக்காட்சிப் பெட்டிகள் பல ஊர்களில் பால் கூட்டுறவுச் சங்கக் கட்டடங்களில் வைக்கப்பட்டன. நிகழ்ச்சிகள் குசராத்தி மொழியில், அவ்வூர்களிலேயே படமாக்கப்பட்டன. ஊர்மக்கள் தாமே அவற்றில் பங்கேற்றனர். நிகழ்ச்சிக்கு முன் பார்வையாளரின் நிலையை அறிதல், ஆக்கத்தின் போது முன்னோட்டம் பார்த்தல், ஒளிபரப்பிற்குப் பின் விளைவை அளத்தல் என்னும் மூன்றும் ஒரே குழுவின் கடமைகளாக இருந்தன. ஊரகத் தகவல் தொடர்புக்கான யுனெஸ்கோவின் பரிசு 1984ஆம் ஆண்டில் இத்திட்டத்திற்குக் கிடைத்தது. ஆயினும் சைட், கேடா இரண்டும் அகமதாபாத்தின் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தைச் சார்ந்தவை. அங்குக் கற்றவை பல்கலைக்கழக வகுப்பறைக்கு வந்துசேர வேறொரு வழி வேண்டியிருந்தது.

ஜாமியாவின் முயற்சி

அவ்வழி தில்லியில் உருவாயிற்று. ஜாமியா மில்லியா இசுலாமியாவின் துணைவேந்தராக இருந்த அன்வர் ஜமால் கித்வாய், 1982ஆம் ஆண்டில் அங்கு மக்கள் தொடர்பு ஆய்வு மையத்தை நிறுவினார். கனடா நாட்டு டொராண்டோவில் உள்ள யார்க் பல்கலைக்கழகத்தின் ஒத்துழைப்பும், கனடிய பன்னாட்டு வளர்ச்சி முகமையின் உதவியும் இதற்குக் கிடைத்தன. கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தில் பணியாற்றி, பின்னர் 1950களில் இந்தியாவில் ஆவணப்படங்கள் உருவாக்கிய ஜேம்ஸ் பெவரிட்ஜ் இம்மையத்தின் உருவாக்கத்தில் பெரும்பங்கு கொண்டார். ஆவணப்பட மரபைச் சேர்ந்தவர் ஒருவர் தொடக்கத்தில் அமைந்தமை குறிப்பிடத்தக்கது. உலகத்தை உற்றுநோக்கி, தெரிவு செய்து, ஒழுங்குபடுத்திக் காட்டுதல் என்னும் ஆவணப்படக் கொள்கையில், கருவியைக் கையாளுதலும் சிந்தித்தலும் ஒரே செயலின் இரு கூறுகளாகும்.

இம்மையத்தின் முதுகலைப் பட்டப்படிப்பு, மக்கள் தொடர்புக் கோட்பாடுகளுடன் ஒளிப்படம், ஒலிப்பதிவு, திரைப்படம், தொலைக்காட்சி ஆகியவற்றின் ஆக்கத்தையும் ஒருங்கே கொண்டது. மாணவர் தாமே எழுதி, படம்பிடித்து, தொகுத்த படைப்பு, பட்டத்திற்கான தேர்வின் பகுதியாயிற்று. ஆய்வேடு மட்டுமே அறிவின் சான்று என்று கருதிய பல்கலைக்கழகச் சூழலில் இது பெரியதொரு மாற்றமாகும். பிற்காலத்தில் இம்மையம் அதன் நிறுவனரின் பெயரையே தாங்கியது.

நாடு தழுவிய வகுப்பறை

1983ஆம் ஆண்டில் இன்சாட்-1பி செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அதன்வழிக் கிடைத்த ஒளிபரப்பு நேரத்தில் ஒரு பகுதியை உயர்கல்விக்கெனப் பல்கலைக்கழக மானியக் குழு பெற்றது. 'நாடு தழுவிய வகுப்பறை' என்னும் அந்நிகழ்ச்சி வரிசை 1984 ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கிற்று. நண்பகலில் ஒரு மணி நேரமும், மாலையில் அதன் மறு ஒளிபரப்புமாக அது அமைந்தது. நல்ல நூலகமும் ஆய்வகமும் இல்லாத சிறு நகரங்களில் பயிலும் இளங்கலை மாணவரே இதன் இலக்கு. பாடத்தை அப்படியே நடத்தாமல், பாடத்தின் எல்லையை விரிவாக்குவது இதன் நோக்கமாக இருந்தது.

தொடக்கத்தில் வெளிநாட்டு நிகழ்ச்சிகளையே பெரிதும் நம்ப வேண்டியிருந்தது. உள்நாட்டு ஆக்கத்தைப் பெருக்கும் பொருட்டு, பல்கலைக்கழகங்களில் கல்வி ஊடக ஆய்வு மையங்களும் ஒலி-ஒளி ஆய்வு மையங்களும் நிறுவப்பட்டன. ஜாமியா, புனே, அகமதாபாத், ஐதராபாத் ஆகியன முன்னோடிகள். தமிழகத்தில் அண்ணா பல்கலைக்கழகத்திலும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் இத்தகைய மையங்கள் அமைந்தன. சைட் சோதனையின் காலத்தில் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் இயக்குநராக இருந்த யஷ்பால், 1986ஆம் ஆண்டில் மானியக் குழுவின் தலைவரானார். சிற்றூர்ப் பார்வையாளரிடம் கற்றவை உயர்கல்விக்கு வந்துசேர இது ஒரு பாலமாயிற்று எனக் கருதலாம். இம்மையங்களை ஒருங்கிணைக்கும் கல்வித் தொடர்புக் கூட்டமைப்பு 1993ஆம் ஆண்டில் தனி அமைப்பாயிற்று.

இத்திட்டத்தால் பல்கலைக்கழக ஆசிரியர் ஒரு புதிய நிலைக்கு உள்ளாயினர். வகுப்பறையில் ஐம்பது நிமிடங்களில் நடத்தும் பாடத்தைத் தொலைக்காட்சிக்கென எழுதும்போது, எதைக் காட்ட முடியும், எதைச் சொல்லத்தான் வேண்டும் என்று பிரித்தறிய வேண்டியிருந்தது. அதே வளாகத்தில் பயிலும் ஊடக மாணவர்க்கோ, தம் பயிற்சி நாடெங்கும் உள்ள பார்வையாளரைச் சென்றடையும் வாய்ப்பு அருகில் இருந்தது.

செய்முறையின் உள்ளே கருத்தியல்

கருத்தியல் செய்முறைக்குள் எவ்வாறு இயங்குகிறது என்பதனை ஓர் எளிய பயிற்சியால் விளக்கலாம். படப்பிடிப்புக் கூடத்தில் மூன்று ஒளிப்படக் கருவிகளைக் கொண்டு இருவர் உரையாடலைப் பதிவு செய்வது முதற்பருவ மாணவர்க்குரிய பயிற்சியாகும். உரையாடும் இருவரையும் இணைக்கும் கற்பனைக் கோட்டின் ஒரு பக்கத்திலேயே கருவிகள் மூன்றும் நிற்க வேண்டும். ஒன்று கோட்டைக் கடந்தால், எதிரெதிரே அமர்ந்தவர் ஒரே திசையில் நோக்குவது போலத் திரையில் தோன்றும். விதியாக மனப்பாடம் செய்த மாணவர் இதனைத் தேர்வில் எழுதிவிடுவர். கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்து தவறான படத்தைத் தெரிவு செய்தவரே, பார்வையாளர் திரையின் வெளியை மனத்துள் எவ்வாறு கட்டமைக்கின்றனர் என்னும் கோட்பாட்டை உணர்வர்.

படத்தொகுப்பும் அத்தகையதே. யு-மேட்டிக் நாடாவில் ஒரு கருவியிலிருந்து மற்றொன்றிற்குப் பதிந்து தொகுத்த காலத்தில், நடுவே ஒரு ஷாட்டின் நீளத்தை மாற்ற வேண்டுமாயின் அதன்பின் வரும் அனைத்தையும் மீண்டும் பதிய வேண்டும். மறுபடி எடுக்கும் ஒவ்வொரு படியிலும் படத்தின் தரம் குறையும். ஆதலின் நிகழ்ச்சியின் அமைப்பைத் தாளிலேயே முடிவு செய்துவிட்டுத் தொகுப்பறைக்குச் செல்வது கட்டாயமாயிற்று. கணினிவழித் தொகுப்பு வந்தபின் எதனையும் எங்கும் மாற்றலாம் என்ற நிலை உண்டாயிற்று. கருவி தந்த உரிமை பெரிது. ஆயினும் முன்கூட்டிச் சிந்திக்க வைத்த கட்டாயம் மறைந்தது. அதனைப் பயிற்சியாகப் பாடத்திட்டமே இப்போது தர வேண்டியுள்ளது.

எழுத்துத் திரைகளையும் இவ்வாறே நோக்கலாம். ஆக்கக் கூடத்தின் தேர்ந்த திரையில் தெளிவாகத் தெரியும் சிறிய எழுத்து, கல்லூரி வகுப்பறையின் கடைசி இருக்கையிலிருந்து பழைய தொலைக்காட்சிப் பெட்டியைப் பார்ப்பவர்க்குப் புலப்படாது. எத்தனை வரி, எத்தனை சொல், எவ்வளவு நேரம் என்பன அழகியல் வினாக்கள் மட்டுமல்ல. யார் கல்வி பெறுகின்றனர், யார் விடுபடுகின்றனர் என்னும் சமூக வினாக்களுமாகும். பார்வையாளரைக் காணாத பயிற்சியில் இவ்வினா எழுவதே இல்லை.

மீண்டும் தோன்றிய பிளவு

1990களில் நிலை மாறியது. 1991 முதல் செயற்கைக்கோள் அலைவரிசைகள் இந்தியாவிற்குள் வந்தன. ஜீ தொலைக்காட்சி 1992ஆம் ஆண்டிலும் சன் தொலைக்காட்சி 1993ஆம் ஆண்டிலும் தொடங்கின. ஆட்கள் தேவைப்பட்டனர், காட்சித் தகவலியல் முதலான பெயர்களில் பட்டப்படிப்புகள் பெருகின. இளைஞர் பலர்க்கு இதனால் புதிய தொழில்வாழ்வு கிடைத்தது என்பதனை மறுத்தற்கில்லை. ஆயின் ஒளிபரப்பும் கடமையோ பார்வையாளர் ஆய்வோ இல்லாத இடங்களில், செய்முறை கருவிப் பயிற்சியாகவும் கருத்தியல் தேர்வுக் குறிப்பாகவும் சுருங்கின. மாணவரின் படைப்பைத் தேர்வாளரும் வகுப்புத் தோழரும் மட்டுமே கண்டனர்.

மறுபுறம், ஆக்க மையங்களிலும் ஒரு குறை இருந்தது. ஜாமியாவில் கற்பித்தலும் ஆக்கமும் ஒரே கூரையின் கீழ் அமைந்தன. பெரும்பாலான பிற மையங்கள் நிகழ்ச்சி ஆக்கத்திற்கென்றே நிறுவப்பட்டவை. ஒரே வளாகத்தில் இதழியல் அல்லது தொடர்பியல் துறை ஓரிடத்தும் ஊடக ஆய்வு மையம் வேறோரிடத்தும் தனித்தனியே இயங்கும் நிலை இதனால் ஏற்பட்டது. பார்வையாளரும் ஒளிபரப்பும் மையத்திடம் இருந்தன. மாணவரும் கோட்பாடும் துறையிடம் இருந்தன. தொடக்கத்தில் பல்கலைக்கழகத்திற்கு உள்ளும் புறமுமாக நின்ற பிளவு, இப்போது வளாகத்திற்குள்ளேயே இடம்பெற்றது.

மொழியும் மரபும்

நாடு தழுவிய வகுப்பறை பெரிதும் ஆங்கிலத்திலேயே அமைந்தது. சிறு நகரக் கல்லூரி மாணவரை இலக்காகக் கொண்ட திட்டம், அவர்க்கு எளிதாக வாராத மொழியில் பேசியது என்னும் குறை தொடக்கம் முதலே கூறப்பட்டது. சைட் சோதனை சிற்றூரில் கண்ட அதே சிக்கல், வேறு வடிவில் உயர்கல்வியிலும் தொடர்ந்ததை இது காட்டுகிறது. ஊடகக் கல்வியிலும் இந்நிலையே. படப்பிடிப்புத் தளத்தில் தமிழும் ஆங்கிலமும் கலந்த தொழில்மொழி வழங்குகிறது. தேர்வுத்தாளில் ஆங்கிலக் கோட்பாடு நிற்கிறது. இரண்டிற்கும் இடையே மாணவர் தம் மொழியிற் சிந்திப்பதற்குரிய சொற்கள் போதிய அளவு உருவாகவில்லை.

இவ்விடத்துத் தமிழ் மரபு நினைவிற்கு வருவது இயல்பு. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, கலைக் கல்வியின் வரலாற்றில் தனியிடம் பெறுவது. மாதவி ஐந்தாம் அகவையில் தொடங்கி ஏழாண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறுகிறாள். ஆடலாசிரியன், இசையாசிரியன், நன்னூற் புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலோன், யாழாசிரியன் என ஒவ்வொருவர்க்கும் வேண்டிய தகுதிகளை இளங்கோவடிகள் வகுத்துரைக்கிறார். அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என்று அளவு தருகிறார். தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கமைத்தலையும், மூவகை எழினிகளையும் குறிக்கிறார். ஒளியமைப்பு, களஅமைப்பு, பல்துறைக் கலைஞர் கூட்டுழைப்பு, அவையோர் முன் அரங்கேறுதல் என இன்றைய ஆக்கக் கல்வி வேண்டும் கூறுகள் பல இங்கு ஒருங்கே காணப்படுகின்றன. தொலைக்காட்சி முன்பே தமிழில் இருந்தது என்று கூறுவது இதன் கருத்தன்று. நூலறிவும் செயலறிவும் பிரியாத கல்விமுறை தமிழ்க்குப் புதிதன்று என்பதே கருத்தாகும்.

அடியார்க்கு நல்லார் உரை மற்றொரு பாடத்தையும் தருகிறது. முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் முதலிய நாடகத்தமிழ் நூல்கள் இறந்துபட்டமையை அவ்வுரை அறிவிக்கிறது. கலைஞர் ஆடினர், ஆசிரியர் இலக்கணமும் வகுத்தனர், ஆயினும் இரண்டையும் சேர்த்துக் காக்கும் ஏற்பாடு இல்லாமையால் இன்று பெயர்களும் சில நூற்பாக்களும் எஞ்சியுள்ளன. பல்கலைக்கழக மையங்களில் காந்த நாடாக்களில் பதியப்பட்ட நிகழ்ச்சிகளும் அவ்வாறே அழியக்கூடியன. நாடா ஈரத்தாலும் காலத்தாலும் சிதையும். நாடா நன்றாக இருப்பினும் அதனை இயக்கும் கருவி அரிதாகிவிட்டது. அவற்றை உருவாக்கியோரின் பணிக்குறிப்புகளும் எழுத்துப்படிகளும் நாடாவுடன் சேர்த்துப் பேணப்பட வேண்டும். ஊடக வரலாற்றை எழுதப் புகும் நாளைய ஆய்வாளர்க்கு அவையே மூலச் சான்றுகளாகும்.

முடிவுரை

உயர்கல்விக்கான 'வியாஸ்' அலைவரிசை 2004ஆம் ஆண்டிலும், 32 அலைவரிசைகளைக் கொண்ட 'ஸ்வயம் பிரபா' திட்டம் 2017ஆம் ஆண்டிலும் தொடங்கின. 1984ஆம் ஆண்டில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரமாக இருந்த ஒளிபரப்பு, முழுநாள் அலைவரிசைகளாக விரிந்தது. கல்வி ஊடக மையங்கள் பல்லூடக மையங்களாயின. ஒரு காலத்தில் பல்கலைக்கழகம் மானியம் பெற்று வாங்க வேண்டியிருந்த படப்பதிவு வசதி, இன்று மாணவர் கையிலுள்ள கைப்பேசியிலேயே உள்ளது. கருவி இல்லாமை இனிப் பிளவிற்குக் காரணமாகாது.

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. ஒன்று, கருத்தியலும் செய்முறையும் பிரிந்தமைக்கு அவற்றின் இயல்பு காரணமன்று. அவை வளர்ந்த நிறுவனங்களின் தனித்தனித் தொடக்கமே காரணம். இரண்டு, கேடாவிலும் ஜாமியாவிலும் அவை இணைந்தமைக்கு, செய்வோரும் ஆராய்வோரும் ஒரே குழுவாகவோ ஒரே மையத்திலோ இருந்தமை அடிப்படை. மூன்று, பார்வையாளரின் மொழியை அறியாத ஆக்கம், கருவியாலும் கோட்பாட்டாலும் எத்துணைச் சிறப்புற்றிருப்பினும் சென்று சேர்வதில்லை.

மூன்றாவது கருத்துத் தமிழ்த்துறைகளுக்கு நேரே உரியது. ஊடகத்துறை மாணவரின் எழுத்துப்படியைத் திருத்தவும், படப்பிடிப்புத் தளத்தின் வழக்குச் சொற்களைத் தொகுக்கவும், நாடகத்தமிழ் மரபின் கோட்பாடுகளை இன்றைய ஆக்கக் கல்விக்கு ஏற்ப விளக்கவும் தமிழ்த்துறைகள் முன்வருதல் வேண்டும். ஊடக மையமும் தமிழ்த்துறையும் ஒரே வளாகத்தில் உள்ள பல்கலைக்கழகங்களில் இதற்குப் புதிய நிதியும் புதிய கட்டடமும் வேண்டுவதில்லை. ஒரு பருவத்தில் ஒரு நிகழ்ச்சியை இரு துறை மாணவரும் கூடி ஆக்கி, அருகிலுள்ள கல்லூரியொன்றில் திரையிட்டு, அங்குள்ளோர் கூறுவதைக் கேட்டு, அதனைத் திருத்தி மீண்டும் திரையிடுதல் போதிய தொடக்கமாகும்.